நகர்வதும் நகர்த்துவதும்: பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை இயக்கும் நொதிகள்

முன்னுரை

அறிவியற் செய்திகளைத் தமிழில் எடுத்துரைத்தல் அறிவியல் துறையினர்க்கு மட்டுமே உரிய பணி எனப் பலரும் கருதுவர். சொல்லையும் தொடரையும் ஆராயும் தமிழ் மாணவர்க்கும் அப்பணியில் பங்குண்டு. ஒரு நிகழ்ச்சியை எவ்வகை வினைச்சொல்லால் கூறுகின்றோமோ, அதற்கேற்பவே அந்நிகழ்ச்சி பற்றிய நம் எண்ணமும் அமைந்துவிடுகின்றது. 'பாக்டீரியாவின் டி.என்.ஏ. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்கிறது' என எழுதுவது இயல்பாகத் தோன்றும். இத்தொடரில் எழுவாயாக நிற்பது டி.என்.ஏ. ஆயின், திசையறிந்து தானே செல்லும் ஆற்றல் டி.என்.ஏ.வுக்கு இல்லை. அதனைப் பற்றி, இழுத்து, உரிய இடத்தில் சேர்ப்பன நொதிகளே. எனவே 'நகர்கிறது' என்னும் தன்வினையினும் 'நகர்த்துகிறது' என்னும் பிறவினையே இங்குப் பொருத்தமுடையது. அவ்வாறு நகர்த்தும் வினைமுதல் எது, அதன் உருவமைப்பு யாது, அவ்வமைப்பு அதன் செயலுக்கு எங்ஙனம் துணைசெய்கிறது, இவற்றை அறிவதால் நமக்கு வரும் பயன் என்ன என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நொதி: சொல்லும் பொருளும்

புளித்துப் பொங்கும் மாவையும் பதநீரையும் கண்ட தமிழர் 'நொதித்தல்' என்னும் சொல்லை வழங்கினர். அதன் அடியாகப் பிறந்த கலைச்சொல்லே 'நொதி' என்பது. ஆங்கிலத்தார் வழங்கும் 'என்சைம்' என்னும் சொல்லும் இத்தகைய பிறப்புடையதே. 1877ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் வில்லெம் கூனே கிரேக்க மொழியிலிருந்து அதனை ஆக்கினார். 'புளிப்பூட்டும் பொருளில் உள்ளது' என்பது அதன் பொருள். இரு மொழியினரும் ஒரே நிகழ்ச்சியைக் கண்டு ஒரே வகையாகப் பெயரிட்டமை எண்ணி மகிழத்தக்கது.

நொதிகளுள் மிகப் பெரும்பாலானவை புரதங்கள். அமினோ அமிலங்கள் மணிகளைப் போலக் கோக்கப்பட்டு, பின்னர் மடிந்து உருப்பெறுவது புரதம். மடிந்த அவ்வுருவமே நொதியின் தொழிலை முடிவு செய்கிறது. உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் மாவுப்பொருளைச் சிதைக்கிறது என்பதைப் பள்ளியிலேயே பயின்றிருக்கின்றோம். சிதைத்தலும் சேர்த்தலும் மட்டுமே நொதியின் தொழில்கள் அல்ல. வேதியாற்றலைக் கொண்டு ஒரு பொருளை இடம்பெயரச் செய்யும் நொதிகளும் உள்ளன. அவற்றை நகர்த்து நொதிகள் எனலாம். அவை செலவிடும் ஆற்றல் ஏ.டி.பி. என்னும் சிறு மூலக்கூறிலிருந்து கிடைக்கிறது. வண்டிக்கு எரிபொருள் எவ்வாறோ, நொதிக்கு ஏ.டி.பி. அவ்வாறு.

நீண்ட இழையும் குறுகிய இல்லமும்

நம் குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியாவைச் சான்றாகக் கொள்வோம். அதன் நீளம் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு கூறிட்டால் ஒரு கூறு அவ்வளவினது. அதனுள் இருக்கும் டி.என்.ஏ. ஒரே வளையமாக அமைந்தது. ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் ஈ.கோலை வகையின் முழு மரபுத்தொகுதி 1997ஆம் ஆண்டில் படித்தறியப்பட்டபோது, அவ்வளையம் ஏறத்தாழ 46 இலட்சம் காரஇணைகளைக் கொண்டது எனத் தெரிந்தது. அதனை அறுத்து நீட்டினால் 1.5 மில்லிமீட்டர் நீளம் வரும்.

இவ்வளவுகள் கண்ணுக்குப் புலப்படாதவை ஆதலின், அனைத்தையும் பத்து இலட்சம் மடங்கு பெரிதாக்கிப் பார்ப்போம். பாக்டீரியா 2 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 1 மீட்டர் அகலமும் உடைய ஒரு பெட்டியாகும். டி.என்.ஏ. 2 மில்லிமீட்டர் தடிப்பும் 1.5 கிலோமீட்டர் நீளமும் உடைய கயிறாகும். அக்கயிறு பெட்டிக்குள் சுருண்டு கிடக்கிறது. பாக்டீரியா இரண்டாகப் பிரியுமுன் அக்கயிற்றுக்கு மற்றொரு படி உருவாகிறது. பின்னர்ப் பெட்டியின் நடுவே குறுக்குச்சுவர் எழும்புகிறது. சுவர் மூடுவதற்குள் ஒரு கயிறு இப்பக்கமும் மற்றொன்று அப்பக்கமும் முழுமையாகச் சென்றுவிடல் வேண்டும். ஒரு சிறு பகுதி சுவரில் அகப்பட்டாலும் மரபுச்செய்தி சிதையும். பிறக்கும் உயிரணுவும் அழியக்கூடும். இவ்விடர் நேராமற் காப்பதற்கென அச்சுவரிலேயே ஒரு நொதி காவல் நிற்கிறது.

எஃப்.டி.எஸ்.கே.: அமைப்பு

அந்நொதியின் பெயர் எஃப்.டி.எஸ்.கே. இதற்குரிய மரபணு 1995ஆம் ஆண்டில் உயிரணுப் பிரிவுக்கு உரியதாக அறிவிக்கப்பெற்றது. ஈ.கோலையில் இப்புரதம் 1329 அமினோ அமிலங்களால் ஆனது. இதனை மூன்று பகுதிகளாகப் பகுத்துக் காணலாம்.

முதற்பகுதி உயிரணுச் சவ்வை நான்கு முறை ஊடுருவிச் சென்று, நொதியைக் குறுக்குச்சுவர் எழும் இடத்தில் நிலைநிறுத்துகிறது. உயிரணுப் பிரிவு நிகழ்வதற்கே இப்பகுதி இன்றியமையாதது. இடைப்பகுதி ஏறத்தாழ 600 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட தொடர். முதலையும் இறுதியையும் இணைப்பது. இறுதிப்பகுதியே இயந்திரம். அதனை ஆல்பா, பீட்டா, காமா என மூன்று உட்கூறுகளாக ஆய்வாளர் பிரிப்பர். ஏ.டி.பி.யைப் பற்றிச் சிதைப்பது பீட்டா. டி.என்.ஏ.வின் குறிப்புச் சொற்களைப் படித்தறிவது காமா.

இவ்வியந்திரம் தனித்து இயங்குவதில்லை. ஆறு புரதங்களின் இறுதிப்பகுதிகள் கூடி ஒரு வளையமாகின்றன. சூடோமோனாஸ் என்னும் மற்றொரு பாக்டீரியாவின் எஃப்.டி.எஸ்.கே.யைப் படிகமாக்கி ஆராய்ந்து, இவ்வளைய உருவத்தை 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வளையத்தின் வெளிவிட்டம் ஏறத்தாழ 12 நானோமீட்டர். நடுத்துளையின் விட்டம் ஏறத்தாழ 3 நானோமீட்டர். டி.என்.ஏ. இழையின் தடிப்போ 2 நானோமீட்டர். நாம் மேலே கொண்ட அளவின்படி, 2 மில்லிமீட்டர்க் கயிறு 3 மில்லிமீட்டர்த் துளையின் வழியே செல்கிறது. இழை எளிதில் ஓடவும் வேண்டும். வளையத்தின் பிடியிலிருந்து நழுவாமலும் இருத்தல் வேண்டும். இவ்விரு தேவைகளுக்கும் இத்துளையின் அளவு இசைந்திருப்பதை நோக்குக.

இயக்கம்

வளையத்தின் ஆறு உறுப்புகளும் ஒருங்கே இழுப்பதில்லை. ஒன்று ஏ.டி.பி.யைச் சிதைத்து இழையைச் சிறிது தள்ளும். அடுத்து மற்றொன்று அப்பணியை ஏற்கும். கிணற்றில் நீர் இறைப்பவர் ஒரு கை மாற்றி மறு கையால் கயிற்றைப் பற்றுவதைப் போன்றது இது. 2020ஆம் ஆண்டில் வெளியான உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வு, ஆறு உறுப்புகளும் இழையைச் சுற்றிப் படிக்கட்டு முறையில் அமைவதைக் காட்டியது. ஒரு ஏ.டி.பி. செலவில் 2 காரஇணை தொலைவு இழை நகர்த்தப்படுகிறது என்னும் விளக்கம் அதனோடு பொருந்துகிறது.

ஒரு நகர்வு இத்துணைச் சிறிதாயினும் வேகம் பெரிது. தனித்த ஒரு டி.என்.ஏ. இழையைப் பிடித்து நிறுத்தி அளந்தபோது, அறை வெப்பநிலையில் நொடிக்கு ஏறத்தாழ 5000 காரஇணைகளை இந்நொதி கடத்துவதாகக் கண்டனர். நீளக் கணக்கில் இது 1.7 மைக்ரோமீட்டர் ஆகும். அதாவது, தான் வாழும் உயிரணுவின் நீளத்தை நெருங்கிய அளவு இழையை ஒவ்வொரு நொடியிலும் இந்நொதி இழுத்துவிடுகிறது. உடல் வெப்பநிலையில் இவ்வேகம் இன்னும் கூடும்.

ஆய்வகத்தில் தனித்து விடப்பட்ட வளையம் இழையின் மீது ஊர்ந்து செல்கிறது. உயிரணுவிலோ நொதி குறுக்குச்சுவரில் பொருத்தப்பட்டுள்ளமையால் அது நிற்க, இழை ஓடுகிறது.

திசையறியும் திறன்

இழையை இழுக்கும் வலிமை மட்டும் போதாது. எப்பக்கம் இழுப்பது என்பதும் தெரிதல் வேண்டும். தவறான திசையில் இழுத்தால் மகவணுவுக்குச் சேர வேண்டிய பொருள் வந்த வழியே திரும்பிவிடும். இச்சிக்கலுக்கு விடை டி.என்.ஏ.வின் எழுத்துவரிசையிலேயே உள்ளது. காப்ஸ் என்று பெயரிடப்பட்ட எட்டெழுத்துக் குறிப்புச் சொல் ஒன்று அவ்விழையில் பலவிடங்களில் வருகிறது. ஜி ஜி ஜி என மூன்றெழுத்தும், அதன்பின் ஏதேனும் ஓரெழுத்தும், பின்னர் ஏ என்னும் எழுத்தும், மீண்டும் ஜி ஜி ஜி என மூன்றெழுத்தும் கொண்டது அச்சொல். 2005ஆம் ஆண்டில் இது கண்டறியப்பட்டது.

இச்சொல்லைத் தலைகீழாக வாசித்தால் அதே சொல் வாராது. 'விகடகவி' என்னும் சொல் இருபுறமும் ஒன்றாக அமையும். 'கல்லூரி' அவ்வாறு அமையாது. காப்ஸ் இரண்டாம் வகையைச் சார்ந்தது. ஆதலால் அது அம்புக்குறி போலத் திசை காட்ட வல்லதாகிறது. மரபு வளையத்தின் இரு பாதிகளிலும் இவ்வம்புகள் பெரும்பாலும் ஓரிடத்தையே நோக்குகின்றன. படியெடுத்தல் முடிவுறும் பகுதியில் உள்ள அவ்விடம் டிஃப் எனப்படும். நொதியின் மூன்று காமா கூறுகள் கூடி ஒரு காப்ஸைப் பற்றுகின்றன. அப்பிடிப்பு, இயந்திர வளையம் எப்பக்கம் முகங்காட்டி அமைய வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. திசை தவறாது இழுத்தல் இவ்வாறு கைகூடுகிறது.

முடிச்சவிழ்க்கும் பணி

நொதிக்கு மற்றொரு கடமையும் உண்டு. படியெடுக்கும்போது நேரும் பழுதுகளைச் சீர்செய்கையில் இரு வளையங்களும் ஒன்றோடொன்று கலந்து ஒரே பெருவளையமாகிவிடுவதுண்டு. ஒவ்வொரு தலைமுறையிலும் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து உயிரணுக்களில் இது நிகழ்கிறது. ஒட்டிய வளையத்தை இருவர்க்கும் பகிர்ந்தளித்தல் இயலாது.

எஃப்.டி.எஸ்.கே. இழையை இழுத்து, இரு டிஃப் இடங்களையும் குறுக்குச்சுவரின் அருகே கொண்டுவந்து சேர்க்கிறது. 28 காரஇணை நீளமுடைய டிஃப் இடத்தில் செர்-சி, செர்-டி என்னும் இரு வெட்டு நொதிகள் காத்திருக்கின்றன. எஃப்.டி.எஸ்.கே.யின் காமா கூறு தொட்ட பின்னரே செர்-டி தன் வேலையைத் தொடங்குகிறது. அது முதல் வெட்டையும், செர்-சி அடுத்த வெட்டையும் செய்து மாற்றி இணைக்கப் பெருவளையம் இரண்டாகிறது. இழுப்பது, இடங்காட்டுவது, வேலையைத் தொடங்குமாறு ஏவுவது ஆகிய மூன்றையும் ஒரே நொதி செய்வதை இங்குக் காண்கின்றோம்.

வித்தாகும் பாக்டீரியா

மண்ணில் வாழும் பாசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியாவில் எஃப்.டி.எஸ்.கே.யின் உறவு நொதி ஒன்று உண்டு. ஸ்போ-3-இ என்பது அதன் பெயர். உணவு அருகும் காலத்தில் இப்பாக்டீரியா ஒரு முனையில் சிற்றறை ஒன்றை வகுத்து, அதனைத் தடித்த உறையுடைய வித்தாக மாற்றுகிறது. சுவர் எழும் வேளையில் சிற்றறைக்குள் இருப்பது மரபு வளையத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. எஞ்சிய பெரும்பகுதி சுவருக்கு அப்பால் நிற்கிறது. ஏறத்தாழ 30 இலட்சம் காரஇணைகளை ஸ்போ-3-இ கால்மணி நேர அளவில் உள்ளே இழுத்துச் சேர்க்கிறது. இந்நொதி பழுதுற்ற பாக்டீரியாவில் மூன்றில் ஒரு பங்கோடு பணி நின்றுவிடுவதை 1994ஆம் ஆண்டில் லிங் ஜூவன் வூவும் ஜெஃப் எரிங்டனும் காட்டினர். வினைமுதல் இல்லையேல் வினையும் இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

உயிரணு விட்டு உயிரணு தாவுதல்

இதுகாறும் கண்டது ஒரு குடும்பத்துள் நிகழும் பங்கீடு. ஒரு பாக்டீரியா தன் டி.என்.ஏ.வை அயலானுக்கும் கொடுப்பதுண்டு. இணைவு எனப்படும் இந்நிகழ்ச்சியை 1946ஆம் ஆண்டில் ஜோஷுவா லெடர்பெர்க்கும் எட்வர்டு டாட்டமும் ஈ.கோலையில் கண்டறிந்தனர். 1950களில் பாரிசு நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் எலி வோல்மனும் பிரான்சுவா ஜாக்கபும் ஓர் எளிய உத்தியைக் கையாண்டனர். இணைந்திருந்த பாக்டீரியாக்களைச் சமையலறைக் கலக்கிப் பொறியில் இட்டு, வெவ்வேறு நிமிடங்களில் பிரித்தனர். எத்தனையாவது நிமிடத்தில் எம்மரபணு சென்று சேர்ந்தது என்பதை வைத்து மரபணுக்களின் வரிசையை வகுத்தனர். முழு வளையமும் செல்ல ஏறத்தாழ 100 நிமிடம் ஆகும். எனவே அதன் வரைபடமே நிமிடக் கணக்கில் எழுதப்பெற்றது.

இவ்வாறு கைமாறுவது பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் சிறு வளையமே. முதன்முதலில் அறியப்பட்ட எஃப் பிளாஸ்மிட் ஏறத்தாழ ஓர் இலட்சம் காரஇணைகள் கொண்டது. அதனை அனுப்பிவைக்கும் நொதி ட்ரா-ஐ. 1756 அமினோ அமிலங்கள் உடையது. இவ்வகை நொதிகள் ரிலாக்சேஸ் என வழங்கப்பெறும். தமிழில் தளர்ப்பி எனலாம். இது பிளாஸ்மிட்டின் குறித்த ஓரிடத்தில் இரட்டை இழையுள் ஒன்றை மட்டும் அறுத்து, அறுந்த முனையைத் தன் 16ஆம் இடத்திலுள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலத்தோடு பிணைத்துக்கொள்கிறது. முறுக்கையும் தானே பிரிக்கிறது. பின்னர் அவ்வொற்றை இழை, தன்னோடு பிணைந்த நொதியுடன் இரு பாக்டீரியாக்களுக்கும் இடையே அமைந்த வழியாக அயலானிடம் செல்கிறது. அங்கு முனைகள் மீண்டும் இணைக்கப்படுகின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் குறையுள்ள இழை புதிதாக நெய்யப்படுகிறது. கொடுத்தவனும் இழப்பதில்லை, பெற்றவனும் முழுமையாகப் பெறுகிறான்.

வாயிலில் நின்று இழையை அவ்வழியே செலுத்துவது வேறொரு நொதி. எஃப் பிளாஸ்மிட்டில் அது ட்ரா-டி எனப்படும். இதன் இனத்தைச் சார்ந்த டிஆர்டபிள்யூ-பி என்பதன் உருவம் 2001ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதுவும் ஆறு உறுப்புகள் கூடிய வளையம், நடுவே துளை, ஏ.டி.பி.யே எரிபொருள். குறுக்குச்சுவரில் கண்ட எஃப்.டி.எஸ்.கே.யின் சாயலை இங்கும் காண்கின்றோம். தன் மக்களுக்குப் பங்கிடவும் அயலார்க்கு வழங்கவும் ஒரே வகைப் பொறியை உயிரியற்கை கையாண்டுள்ளது.

நமக்கு வரும் கேடு

இக்கொடை பாக்டீரியாவுக்கு நன்மை, நமக்கோ பெருங்கேடு. 1950களில் சப்பானில் வயிற்றுக்கடுப்பு நோயாளரிடம் ஒரே வேளையில் பல மருந்துகளுக்கும் அடங்காத ஷிகெல்லா பாக்டீரியாக்கள் காணப்பட்டன. அவ்வெதிர்ப்பாற்றல் ஷிகெல்லாவுக்கும் ஈ.கோலைக்கும் இடையே இணைவின் வழியே கைமாறும் என்பதை அந்நாட்டு ஆய்வாளர் 1959ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பல மருந்துகளுக்கு எதிரான மரபணுக்கள் ஒரே பிளாஸ்மிட்டில் ஒருங்கே அமர்ந்து செல்வதே இதன் காரணம்.

நம் நாட்டுக்கும் இதில் நேரான தொடர்புண்டு. கார்பாபெனம் என்னும் உயர்வகை மருந்துகளைச் சிதைக்கும் என்.டி.எம்.-1 என்னும் நொதி 2009ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த ஆய்வில், சென்னையில் திரட்டப்பட்ட 44 பாக்டீரியா மாதிரிகளில் இந்நொதி இருந்தமை பதிவாகியுள்ளது. இதற்குரிய மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட்டுகளிலேயே காணப்பட்டது. உலக அளவில் 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளே நேர்க்காரணமாக 12.7 இலட்சம் பேர் இறந்தனர் என்பது 2022ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீடு.

'மருந்து எதிர்ப்பு பரவுகிறது' எனச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. இங்கும் தன்வினையே ஆட்சி செய்கிறது. பரப்புவோர் யாவர்? உயிரணுவுள் தளர்ப்பியும் வளைய நொதியும் பரப்புகின்றன. வெளியே, அவற்றின் கொடையைப் பெற்ற பாக்டீரியாவே பிழைத்துப் பெருகும் சூழலை உண்டாக்குவோர் நாம். மருத்துவரைக் காணாது கடையில் மாத்திரை கேட்டு வாங்குகின்றோம். சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் நுண்ணுயிர்க்கொல்லியை நாடுகின்றோம். வைரசால் வரும் சளியை அம்மருந்து தீர்க்காது. ஆயினும் குடலில் உள்ள எளிய பாக்டீரியாக்களை அழித்து, எதிர்ப்பாற்றல் உடையவற்றுக்கு இடம் ஒழித்துத் தருகிறது.

இதனைக் கட்டுப்படுத்த வழிகள் வகுக்கப்படாமல் இல்லை. 2012ஆம் ஆண்டில் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடிச் 'சென்னைப் பிரகடனம்' என்னும் செயல்திட்டத்தை வகுத்தன. 2014ஆம் ஆண்டு மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணையின்படி, அதில் அடங்கிய மருந்துகளைச் சீட்டின்றி விற்றலாகாது. விற்பனையைப் பதிவேட்டிலும் குறித்தல் வேண்டும். தளர்ப்பி நொதியின் வெட்டும் இடத்தை அடைத்து, பிளாஸ்மிட் கைமாறாமலே தடுக்கும் வழியையும் ஆய்வகங்கள் தேடி வருகின்றன. பாக்டீரியாவைக் கொல்லாது அதன் கொடையை மட்டும் தடுக்கும் முயற்சி இது. மருத்துவமனையில் வழங்கும் மருந்தாக அது இன்னும் வடிவெடுக்கவில்லை. நொதியின் உருவமைப்பை அணு அணுவாக ஆராய்வோரின் உழைப்பு எதற்கு என வினவுவோர்க்கு இம்முயற்சியே விடையாகும்.

முடிவுரை

ஒரு வினை நிகழ்வதற்கு வினைமுதல், கருவி, இடம், செயல், காலம், செயப்படுபொருள் ஆகிய ஆறும் வேண்டும் என்பது நன்னூலார் கொள்கை. நாம் ஆராய்ந்த நிகழ்ச்சியில் இவ்வாறும் பொருந்தி நிற்கின்றன. வினைமுதல் வளைய நொதி. கருவி ஏ.டி.பி. இடம் குறுக்குச்சுவர் அல்லது இணைவு வாயில். செயல் நகர்த்துதல். காலம் உயிரணு பிரியும் வேளை அல்லது இணையும் வேளை. செயப்படுபொருள் டி.என்.ஏ. இவற்றுள் ஒன்றை மறந்து எழுதினும் அறிவியல் விளக்கம் குறைவுபடும்.

அறிவியலைத் தமிழில் எழுத விழையும் மாணவர், கலைச்சொல்லைத் தேடுவதோடு அமையாது, 'இதனைச் செய்வது யார்' என்னும் வினாவையும் எழுப்புதல் வேண்டும். பெரியோர்களிடமும் பெற்றோர்களிடமும் நாம் வேண்டுவது ஒன்றுண்டு. மருத்துவர் எழுதாத நுண்ணுயிர்க்கொல்லியை வாங்காதிருத்தலும், எழுதியதை அவர் கூறிய அளவிலும் காலத்திலும் உட்கொள்ளுதலும், வீட்டில் எஞ்சியதைப் பிறர்க்குக் கொடாதிருத்தலும் சிறு செயல்களே. உயிரணுவுள் இயங்கும் நொதியை நம் கையால் நிறுத்த இயலாது. அந்நொதி சுமந்து செல்வதற்கு வாய்ப்பளிக்காதிருத்தல் நம்மால் இயலும்.